மகன் பேரில் ஒரு குரல்

ஆவுடையப்பனுக்குச் சொந்தமாகக் குரல் இல்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. வீடு இல்லை, நிலம் இல்லை என்று சொல்லியிருந்தால் மனுசன் துளியும் அசைந்திருக்க மாட்டார். அவை இல்லாமலே பாளையங்கோட்டையில் இத்தனை வருசம் ஓட்டியவர். குரல் இல்லை என்றதும்தான் ஆடிப்போனார். அவருக்குச் சோறு போட்டதே குரல்தான்.

கோயில் கொடை, கல்யாண வீடு, பள்ளிக்கூட ஆண்டுவிழா, எங்கே மேடை போட்டாலும் ‘பலகுரல் ஆவுடை’ என்று ஒரு நிகழ்ச்சி இருக்கும். பழைய வில்லன்கள், செய்தி வாசிப்பவர்கள், மந்திரிகள், ரயில் நிலைய அறிவிப்பம்மா, மழையில் நனைந்த நாய் என்று வரிசையாக எடுத்துவிடுவார். ஒருவரோடு கொஞ்ச நேரம் பேசினால் போதும், அவர் குரல் இவர் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைப் பெரிய கொடுப்பினை என்று ஊர் சொன்னது. அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

பிறகு திருடர்கள் வந்தார்கள். எந்திரத்தை வைத்து யார் குரலையும் செய்துகொண்டு, மகன் குரலில் அம்மாவிடமும் மேலாளர் குரலில் காவலாளியிடமும் பேசி, பூட்டிய கதவையெல்லாம் திறந்தார்கள். ஜனங்கள் பெற்ற பிள்ளை கூப்பிட்டாலும் போனை எடுக்கப் பயந்தார்கள். அப்போதுதான் குரல் காப்புச் சட்டம் வந்தது. ஒருவருக்கு ஒரு குரல். அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவான குரலைத்தான் போனும் மைக்கும் கடத்தும். மற்றதெல்லாம் எதிர்முனையில் வெறும் அமைதியாகப் போய்ச் சேரும்.

சட்டம் வந்த அன்று ஆவுடையப்பன் வள்ளியூரில் ஒரு மேடையில் இருந்தார். வில்லன் குரலில் சிரித்தார், மைக் ஊமையாகிவிட்டது. மந்திரி குரலுக்கு மாறினார், மந்திரியே இன்னும் பதிவு செய்துகொள்ளாததால் அதுவும் போகவில்லை. கூட்டம் அதையும் ஒரு ஐட்டம் என்று நினைத்துக் கைதட்டியது. அதுதான் அவருடைய கடைசி நிகழ்ச்சி.

பதிவு நிலையத்தில் இருந்த எந்திரத்துக்கு அரசு நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் சுருக்கமாக ‘பெரிய காது’ என்றார்கள். அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி தாரகை, பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். சின்ன வயசு, பொறுமைசாலி. பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, காலையில் என்ன சாப்பிட்டார் என்று கொஞ்சம் பேசச் சொன்னாள். ஆவுடையப்பன் பேசினார். எந்திரம் யோசித்துவிட்டு, இந்தக் குரல் ஏற்கெனவே தாரகை என்பவர் பேரில் பதிவாகியிருக்கிறது என்றது.

தாரகைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏனுங்க, நீங்களும் எங்க பக்கமுங்களா?”

“இல்லீங்க. நான் இந்த ஊருதானுங்க,” என்றார் ஆவுடையப்பன், அச்சு அசலாகப் பொள்ளாச்சிக்காரராக. சொன்ன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது.

மறுவாரம் வேறொரு ஊழியரை உட்காரவைத்துப் பார்த்தாள், அவர் குரல் வந்தது. யாரையும் வைக்காமல் கண்ணாடி அறைக்குள் தனியாகப் பேசவிட்டாள், செய்தி வாசிப்பவர் குரல் வந்தது. பெரிய காது ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் பெயரைச் சொன்னது. கடைசியில் தாரகை நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஐயா, இது சத்தத்தைக் கேக்கறது இல்லைங்க. வயசு, சளி, தொண்டைக் கட்டு எதுவும் இதுக்குக் கணக்கில்ல. எங்க மூச்சு விடறீங்க, எதை இழுக்கறீங்க, எதை முழுங்கறீங்க, பயந்தா எந்த இடத்துல நிக்கறீங்க, அதைத்தான் பாக்கும். அது ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கும் ஒன்னு இருக்கோணும். அதுக்கு மேல இத்தனை பேரை உக்கார வெச்சிருக்கீங்க.”

பதிவுக்காலம் முடிந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். குரல் கண்டுபிடிக்க முடியாதவர்களுக்கு அரசே ஒரு பொதுக்குரல் ஒதுக்கும் என்றாள். பேசுவது போனுக்குள் போய் அந்தப் பொதுக்குரலாக மாறி மறுபக்கம் விழும். பிறவியிலேயே பேச வராதவர்களுக்கும் தொண்டையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் செய்த ஏற்பாடு. ஒதுக்கியபின் மாற்ற முடியாது. எல்லோருக்கும் ஒரே குரல்தான் என்றும் சொன்னாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது ஆவுடையப்பன் நினைத்ததெல்லாம் மேடையை அல்ல, நிகிலனை.

நிகிலன் அவருடைய ஒரே மகன். நார்வேயில் ஒரு துறைமுகத்தில் வேலை. பெரிய பளுதூக்கிகளை வாயால் ஆணையிட்டு இயக்குகிற வேலை. அவன் குரலுக்கு மட்டும் கட்டுப்படும் இரும்புகள் அவை. ஊருக்கு வந்து வருசக்கணக்காகிறது. அதற்குக் காரணம் தூரம் மட்டும் இல்லை.

மனைவி தேவகி இறந்த அன்று துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஆவுடையப்பன் அவரவர் குரலில் பேசிக்கொண்டிருந்தார். வேண்டுமென்று செய்யவில்லை, தானாக அப்படித்தான் வந்தது. எல்லோரும் போனபிறகு நிகிலன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “உங்களுக்கு எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டான். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அவனை எப்படியாவது தேற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்துவிட்டார். தேவகியின் குரலில், அவள் இழுக்கிற அதே இழுப்பில், “நான் நல்லாத்தாம்ல இருக்கேன், நீ சாப்பிடு” என்றார்.

நிகிலன் எழுந்து நின்றுவிட்டான். அவன் முகம் போன போக்கை ஆவுடையப்பனால் இன்றுவரை எந்தக் குரலாலும் மூட முடியவில்லை.

“எனக்கு அம்மா குரல் வேண்டாம்ப்பா,” என்றான். “உங்களோடது ஒன்னு இருந்தா அதக் குடுங்க.”

அதற்குப் பிறகு அவன் போன் செய்தால் இரண்டு வார்த்தை. இவர் பேச ஆரம்பித்து ஏதாவது ஒரு குரலுக்குள் நழுவியதும், வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவான். சட்டம் வந்தபின் அதுவும் நின்றது. எழுதலாமே என்று நீங்கள் கேட்கலாம். எழுத்தையெல்லாம் எந்திரமே எழுதிக் கொடுக்கும் காலம் அது. எந்த அப்பன் எந்தப் பிள்ளைக்கு எழுதினாலும் ஒரே அன்பு, ஒரே அக்கறை, ஒரே முற்றுப்புள்ளி. அதை யாரும் படிப்பதுகூட இல்லை.

அரசாங்கத்தின் பொதுக்குரலில் மகனிடம் பேசுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இருக்கிற வேசம் போதாதென்று இன்னொன்றா என்றுதானே அவன் நினைப்பான்.

தாரகைதான் வழி சொன்னாள். மனுசக் குரலே காதில் விழாத இடமாகப் பார்த்துப் போய்க் கொஞ்ச காலம் இருங்கள், காப்பியடிக்க ஆள் இல்லையென்றால் உங்களுடையது வெளியே வரும் என்றாள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பொத்தானும் கொடுத்தாள். அவர் பேசுவதையெல்லாம் அது கேட்கும். அதில் ஏற்றியிருந்த பிரபலமானவர்களின் குரலாக இருந்தால் யாருடையது என்று அங்கேயே சொல்லிவிடும். தெரியாத குரலாக இருந்தால் பேசாமல் பெரிய காதுக்கு அனுப்பிவைக்கும்.

மைக்செட் இஸ்மாயில் அவருடைய பழைய சிநேகிதர். அவர் மச்சான் பணகுடிப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிறவன். அங்கே பொட்டல்காட்டு நடுவில் காவலாளிக்கென்று கட்டிய ஓர் அறை உண்டு, காவலாளிக்குப் பதில் எந்திரம் வந்தபின் சும்மா கிடந்தது. ஆவுடையப்பன் அரிசி பருப்போடு அங்கே குடியேறினார்.

முதல் சில நாட்கள் கூத்துதான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, “என் பேரு ஆவுடையப்பன்” என்பார். பொத்தான் உடனே, ‘மறைந்த நாடக நடிகர் ஒருவர்’ என்று சொல்லும். தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி சொல்வார். ‘செய்தி வாசிப்பாளர்’ என்னும். கோபத்தில் கத்துவார். அந்தக் கோபமும் ஒரு வில்லனுடையதாக இருக்கும். ஒருநாள் வாசலில் படுத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு வாயால் உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தபோது பொத்தான், ‘மனிதக் குரல் அல்ல’ என்றது. நிமிர்ந்து பார்த்தார். மேலே காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் பிடித்துவிட்டிருக்கிறார்.

சிரிக்க ஆள் இல்லாததால் அவருக்குச் சிரிப்பும் வரவில்லை. மத்தியானங்களில் அந்த வெட்டவெளி அவரை மென்று தின்றது. மேடையில் ஒருமுறை, அவருக்கு நாற்பது வயசு இருக்கும், யார் குரலும் இல்லாமல் தானே ஒரு கதை சொல்லிப் பார்ப்போம் என்று ஆசைப்பட்டிருக்கிறார். தேவகியைப் பெண் பார்க்கப் போன கதை. இரண்டாவது வரியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. கூட்டம் பார்த்துக்கொண்டே இருந்தது. பழைய நடிகர் ஒருவரின் குரல் ஓடிவந்து கைகொடுத்தது, கைதட்டலும் வாங்கினார். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். எதிரே ஆள் இருந்தால் அந்த ஆளாகிவிடுகிறோம், ஆளே இல்லாவிட்டால் என்னவாக இருக்கிறோம் என்று இப்போது யோசித்தார். பயமாக இருந்தது. ஒரு பயலும் இல்லாத இடத்தில் தானும் இல்லை என்றால், பிள்ளை கேட்டபோது கொடுக்க எதுவுமே இல்லாமல்தான் அம்மாவின் குரலைக் கொடுத்திருக்கிறோம் என்று தோன்றி, அன்றைக்கு உட்கார்ந்து அழுதார். அழுகைக்குப் பொத்தான் எந்தப் பெயரும் சொல்லவில்லை, அதற்கு அழுகை கணக்கில் இல்லை.

அதோடு தேடுவதை விட்டுவிட்டார். பேசுவதையே மறந்துவிட்டார் என்றும் சொல்லலாம். சமைத்தார், தின்றார், துணி துவைத்தார், காற்றைப் பார்த்தார். பொதுக்குரலே ஒதுக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது தாரகையிடமிருந்து ஆள் வந்தது, உடனே வரச் சொல்லி.

நிலையத்தில் அவள் முகம் சரியில்லை. கதவைச் சாத்திவிட்டு ஓர் ஒலிப்பதிவைப் போட்டாள். யாரோ ஒரு மனிதர் அடுப்படியில் நின்று முணுமுணுக்கிறார். “உப்புப் போட்டமா, போடலையா... போட்ட மாரிதான் இருக்கு... எதுக்கும் கொஞ்சம் போடுவோம்... அடடா, கரிச்சுட்டு.” சாதாரணப் பேச்சு. வாக்கியம் முடிவதற்குள் குரல் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. ஒவ்வொரு ‘கொஞ்சம்’ என்கிற சொல்லுக்கும் முன்னால் ஒரு சின்னத் தயக்கம், அனுமதி கேட்கிற மாதிரி.

“யாருங்க இது?” என்றார் ஆவுடையப்பன்.

“நீங்கதானுங்க. உங்க பொத்தான் அனுப்புனது.”

அவர் நம்பவில்லை. மறுபடி போடச் சொன்னார். இந்த ஆள் கொஞ்சம் பயந்த சுபாவம்போல, என்று நினைத்துக்கொண்டார். நல்ல மனுசன் என்றும் தோன்றியது.

“பதிவு பண்ணிக்குங்க அம்மணி,” என்றார். சந்தோசத்தில் மறுபடி பொள்ளாச்சி வந்துவிட்டது.

“பண்ண முடியாதுங்கய்யா. இந்தக் குரல் ஏற்கெனவே ஒருத்தர் பேர்ல இருக்குது.” அவள் கொஞ்சம் நிறுத்தினாள். “நார்வேல இருக்கற நிகிலன் ஆவுடையப்பன்.”

அவளே மெதுவாக விளக்கினாள். பிள்ளைகள் பேச்சை யாரிடமிருந்தாவதுதான் எடுத்துக்கொள்ளும். விவரம் தெரிவதற்கு முன்னால், மூன்று நான்கு வயசுக்குள் எடுத்துக்கொள்வதுதான் கடைசிவரை நிற்கும். பக்கத்தில் ஆளே இல்லை என்று நினைத்து நீங்கள் உங்களோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள், கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவன் கேட்பதற்கு இருபது வருசம் முன்னாலேயே கொடுத்துவிட்டிருக்கிறார், இருவருக்கும்தான் தெரியாமல் போய்விட்டது.

“சட்டப்படி ஒரு வழி இருக்குதுங்க,” என்றாள் தாரகை. “மூலம் நீங்கதான்னு ஆட்சேபம் போடலாம். செயிச்சுருவீங்க. ஆனா விசாரணை முடியற வரைக்கும் அவரு குரலை நிறுத்தி வெச்சிருவாங்க.”

நிறுத்தி வைத்தால் இரும்புகள் அவன் சொல் கேட்காது. வேலை போகும். வேலை போனால் அந்த நாட்டில் இருக்க முடியாது. வீட்டுக் கதவுகூட அவனுக்குத் திறக்காது.

“அது வேண்டாம்மா,” என்றார் ஆவுடையப்பன். அந்த ஒரு வார்த்தையில் பொள்ளாச்சி இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள், அவர் கவனிக்கவில்லை.

போகும்முன் ஒன்று கேட்டார். பதிவில்லாத குரலைத்தானே போன் கடத்தாது, இது பதிவான குரல் அல்லவா, நான் பேசினால் போகுமா என்றார்.

தாரகை வெகுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாள். “போகும். ஆனா ரெண்டு முனையிலயும் ஒரே குரல் பேசினா பெரிய காது சீக்கிரமே கண்டுபிடிச்சிரும். அடுத்தவர் குரல்ல பேசறது குத்தமுங்க. செயிலு. அப்புறம் ஆயுசுக்கும் போன் கிடையாது, பொதுக்குரலும் தர மாட்டாங்க. அவருக்கு ஒன்னும் ஆகாது, மாட்டறது நீங்கதான்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “திங்கக்கிழமை வாங்க, பொதுக்குரல் ஒதுக்கித் தாரேன். மாசாமாசம் பேசலாம். அதுதான் புத்திசாலித்தனம்” என்றாள்.

அது புத்திசாலித்தனம்தான். மூட்டையை எடுக்கப் போகிறேன் என்று அவர் பணகுடிக்கே திரும்பினார்.

மறுநாள் மத்தியானம் அந்த அறையில் உட்கார்ந்து போனை முன்னால் வைத்துக்கொண்டார். ஒலிப்பதிவில் கேட்ட ஆளை நினைவுக்குக் கொண்டுவந்தார். எத்தனை பேரைச் செய்தவர், இவனைச் செய்ய முடியாதா? வாக்கியக் கடைசியைத் தாழ்த்தினார், ‘கொஞ்சம்’ முன்னால் தயங்கினார். போன் உயிர் பெறவில்லை. இன்னும் நுணுக்கமாகச் செய்தார். உலகத்தில் எவன் குரலையும் செய்யத் தெரிந்த பலகுரல் ஆவுடைக்கு ஆவுடையப்பன் குரலைச் செய்ய வரவில்லை. முயன்று முயன்று தொண்டை வறண்டு, போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“என்ன எழவோ, கொஞ்சம் தண்ணி குடிப்போம்,” என்று முணுமுணுத்தார்.

“வணக்கம், நிகிலன்,” என்றது போன். “யாரை அழைக்க வேண்டும்?”

அவர் அசையாமல் நின்றார். தண்ணீர்ப் பானையைப் பார்த்தபடியே, போன் பக்கம் திரும்பாமல், “நிகிலனைத்தான்” என்றார்.

“உங்களையேவா?”

“ஆமா.”

மணி போய்க்கொண்டே இருந்தது. நடுவில் வைத்துவிடலாம் என்றுகூட நினைத்தார். எடுத்ததும் எதிர்முனையில் துறைமுக இரைச்சலும், அதற்கு நடுவே எச்சரிக்கையான ஓர் அமைதியும் கேட்டன. சொந்தப் பெயரிலிருந்து அழைப்பு வந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுப்பார்கள்.

“யாரு?” என்றான் நிகிலன்.

“அப்பாதாம்ல.”

“என் குரல்ல பேசிட்டு அப்பாங்கீங்க. எங்க கெடச்சுது இது உங்களுக்கு?”

“எங்கயும் கெடைக்கல. நான்... கொஞ்சம் பேசணும்னுதான்.”

“எங்கப்பா இப்படிப் பேசினதே இல்ல,” என்றான் நிகிலன். கோபத்தைவிடச் சலிப்புதான் அதிகமாக இருந்தது. “அவரா இருந்தா இந்நேரம் நாலு பேர் வந்திருப்பாங்க. திருடுறதுன்னா ஆளைத் தெரிஞ்சு திருடுங்க. இப்பவே புகார் குடுக்கப் போறேன்.”

ஆவுடையப்பனுக்குத் தெரியும், ஒரே நொடியில் நிரூபித்துவிடலாம். தேவகி குரலில் ஒரு வார்த்தை போதும். போன் அதைக் கடத்தாவிட்டாலும், இப்படித் திடீரென்று ஊமையாகப் போகிற ஆள் தன் அப்பாவைத் தவிர வேறு யாருமில்லை என்று அவனுக்குப் புரிந்துவிடும். தொண்டைவரை வந்தது. அவர் விடவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வாயில் வருவது சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் இல்லை.

“குடு. குடுக்க வேண்டியதுதான்,” என்றார். “அதுக்கு முன்னால ஒன்னு சொல்லிருதேன். அன்னைக்கு நீ எப்படி இருக்குன்னு கேட்டல்லா. எனக்கு ஒன்னுமே சொல்லத் தெரியலல. நெஞ்சுக்குள்ள கல்லு வச்ச மாரி இருந்துச்சு. உங்கம்மா இல்லாம எனக்குச் சோறு இறங்கல. ரொம்ப நாளா இறங்கல. அதத்தான் சொல்லணும்னு இருந்தேன்.”

எதிர்முனையில் இரைச்சல் நின்றது. எங்கோ ஒரு கதவை அவன் சாத்தியிருக்க வேண்டும். அழைப்பு சோதனைக்கு உட்படுத்தப்படுகிறது, இருவரும் இணைப்பிலேயே இருக்கவும் என்று இடையில் ஓர் அறிவிப்பு வந்து போனது. இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது தன்னுடையதா அவனுடையதா என்று அவருக்குப் பிரித்தறிய முடியவில்லை.

“இப்ப இறங்குதாப்பா?” என்று கேட்டான்.

அந்த நேரம் பணகுடிப் பொட்டலில் யாராவது கேட்டுக்கொண்டு நின்றிருந்தால், ஓர் ஆள் தானே கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொள்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

“இறங்குதுல,” என்றார் ஆவுடையப்பன். பிறகு, “கொஞ்சம்” என்றார்.